பீர்ப் பெட்டிக்கு வைத்த திருநீறு

1

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை நாங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் கொண்டாடுவோம். கேக், மெழுகுவத்தி எல்லாம் கிடையாது. சுகுணா உளுந்து வடை சுடுவாள், கோழிக் குழம்பு வைப்பாள். திருப்பதிக்காரர் சீனிவாசுலு மனைவியோடு வருவார். நான் பீர் ஊற்றுவேன். எட்மன்டனில் அந்த மாதத்தில் மூக்குக்குள் இருக்கிற மயிர்கூட விறைத்துக்கொள்ளும். அந்தக் குளிரில் எதற்கு ஜில்லென்று பீர் என்று ஊரிலிருந்து போனில் கேட்கிறார்கள். குளிர் வெளியேதான். வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தாகம் எடுக்காதா?

பாட்டிலைத் திறந்து ஊற்றுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கி, கதவில் துளை போட்டுக் குழாய் மாட்டி, உள்ளே எஃகுப் பீப்பாயும் பீரை வெளியே தள்ளுகிற காஸ் சிலிண்டரும் வைத்து, என் கையாலேயே செய்த பெட்டி. கைப்பிடியை முன்னால் இழுத்தால் பீர் வரும். கடையில் இதையே ரெடிமேடாக விற்கிறார்கள், ஆனால் கடையில் விற்கிறவனை நான் நம்புவதில்லை. என் பிழைப்பும் குளிர்தான். புத்தூரில் ஐ.டி.ஐ. படித்து, இங்கே வந்து மறுபடியும் பரீட்சை எழுதி, சூப்பர் மார்க்கெட்டுகளில் பிரீசர் ரிப்பேர் பார்க்கிறேன்.

இந்த வருஷம் எல்லாரும் கிளாஸோடு நிற்கும்போது கைப்பிடியை இழுத்தேன். குழாய் ஒரு தும்மல் போட்டது. இரண்டு சொட்டு நுரை வந்தது. அவ்வளவுதான். கதவைத் திறந்து பீப்பாயைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் இல்லை. கட்டியாகிவிட்டது.

"ஏமய்யா, ஊர்ல கீற பிரிட்ஜெல்லாம் நீதான் ரிப்பேர் பண்றே, உன் வீட்டுதே இப்படி ஐஸ் புடிச்சிக்கினு கீது" என்றார் சீனிவாசுலு. தாய்மொழி தெலுங்கு என்றாலும் எங்களோடு பழகி எங்கள் தமிழ் அவருக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் ஹரிணி அதை போனில் படம் பிடித்தாள்.

சிரிக்காதவன் ஒருத்தன்தான். சுகுணாவின் தம்பி முனிரத்தினம். அவன் வடையைப் பிட்டு வாயில் போடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

2

நான் சந்தேகப் பிராணி. ஒளிக்க ஒன்றுமில்லை. பிச்சாட்டூர் ஏரியிலிருந்து தண்ணீர் வருகிற பக்கம் எங்கள் நிலம். கால்வாயில் முதல் மடைக்காரன் கடைசி மடைக்காரனை நம்ப மாட்டான், கடைசி மடைக்காரன் யாரையுமே நம்ப மாட்டான். நாங்கள் கடைசி மடை. போதாததற்கு எல்லையோரம். சித்தூருக்குப் போனால் 'அரவ வாளு' என்பார்கள், அதாவது தமிழ்க்காரர்கள். ஊத்துக்கோட்டை தாண்டினால் 'தெலுங்குக்காரன்' என்பார்கள். இரண்டு பக்கமும் சந்தேகமாகப் பார்த்தால் மனுஷன் எங்கே போவான், அவனும் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வான்.

என் நைனா இந்த விஷயத்தில் பெரிய ஆள். களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்துவிட்டால், மூட்டை பிடிக்கிற வரைக்கும் அந்தக் குவியலுக்குச் சாம்பலால் குறி போட்டு வைப்பார். குவியலைச் சுற்றி ஒரு கோடு, உச்சியில் ஒரு குறுக்குக் கோடு. யாராவது இரண்டு படி அள்ளினாலும் நெல் சரியும், கோடு உடையும். விடிந்ததும் பல் விளக்கப் போவதற்கு முன்னால் களத்துக்குப் போய்க் கோட்டைப் பார்ப்பார். ஒரு தடவைகூட உடைந்ததில்லை. அதனால் திருடன் இல்லை என்று அவர் முடிவு செய்யவில்லை. கோடு இருக்கிறதால்தான் திருடன் வரவில்லை என்றார்.

எங்கள் பக்கத்தில் சந்தேகத்தை 'அனுமானம்' என்போம், தெலுங்கிலிருந்து வந்தது. அந்தப் பழக்கம் இங்கேயும் என்னை விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேஸ்திரி எதைச் சொன்னாலும் கையைத் தூக்கி 'ஐ ஹாவ் எ டவுட்' என்பேன். ஊரில் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி, எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள் என்று அர்த்தம். அந்த வெள்ளைக்காரர் முகம் சிவந்துவிடும். அவர் சொல்வது பொய் என்று நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. ஆனால் ஒன்று, அவர் சொன்னதில் பாதி பொய்தான்.

3

முனிரத்தினம் கார்வேட்டிநகரத்துப் பக்கம். மாங்காய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன், குடிக்காத நேரத்தில். குடித்த நேரத்தில் ஒருநாள் லாரியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனருக்குக் கால் போய்விட்டது. அதற்கப்புறம் அவன் மனைவி அமுதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். பெரியவர்கள் பேசி, காணிப்பாக்கத்தில் முடித்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம். அங்கே பிள்ளையார் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சன்னதியில் நின்று சத்தியம் செய்தால் அது சத்தியம். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று எங்கள் ஜில்லா முழுக்க நம்பிக்கை. குடியை விடுகிறவர்கள் அங்கேதான் போவார்கள். திருட்டுப் பழி விழுந்தவர்களும் அங்கேதான் போவார்கள். சொந்தக்காரனைப் பார்த்துக் 'காணிப்பாக்கம் வர்றியா' என்று கேட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் கை நனைக்க முடியாது. உறவு அதோடு சரி.

முனிரத்தினம் சத்தியம் செய்தான். லாரி ஓட்டுகிற ஆள் இங்கே எப்போதும் தேவை என்பதால் நாங்கள் கூப்பிட்டோம். அவன் காகிதத்துக்காக அலைந்த கதை தனி. எங்கள் ஜில்லாவைப் பிரித்துவிட்டார்களா, என் பழைய காகிதத்தில் பிச்சாட்டூர் சித்தூர் ஜில்லா, புதுக் காகிதத்தில் திருப்பதி ஜில்லா. கார்வேட்டிநகரம் மட்டும் சித்தூரிலேயே நின்றுவிட்டது. உங்கள் கிராமம் எப்போது இடம் மாறியது என்று இங்கே விசா ஆபீசில் ஒரு அம்மா கேட்டார். கிராமம் அங்கேயேதான் இருக்கிறது, ஜில்லாதான் நகர்ந்தது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நைனா தெரிந்தார்.

ஒருவழியாக வந்தான். விமானம் ஏறுவதற்கு முன்னால் சுகுணா அமுதாவிடம் வாக்குக் கொடுத்தாள். இங்கே ஒரு சொட்டு வாயில் பட்டது என்று தெரிந்தாலும் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று. சுகுணா சொன்னால் செய்வாள். இங்கே லாரி ஓட்டுகிறவன் வாயில் வாடை வந்தாலே லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் இங்கே வேலை செய்கிற பர்மிட் போய்விடும். திரும்பிப் போனால் அமுதா அவனைச் சேர்க்க மாட்டாள். அவனுக்கு மிச்சமிருந்த கடைசி வழி எங்கள் வீட்டுக் கீழ்த்தள அறை.

வீட்டில் பீர்ப் பெட்டியை வைத்துக்கொண்டு இவனை எப்படி வரவழைப்பது என்று சுகுணா கேட்கத்தான் செய்தாள். சத்தியம் பண்ணினவனுக்கு எதுக்குப் பயம் என்றேன். பெட்டி அப்போது கார் ஷெட்டில் இருந்தது.

4

இனி குளிர்க் கணக்கு. பீர் மூன்று டிகிரியில் இருந்தால் நன்றாக ஊற்றும். அதற்குமேல் போனால் நுரை. பூச்சியத்துக்குக் கீழே இரண்டு டிகிரி போனால் உறைய ஆரம்பிக்கும். முதலில் மெல்லிய குழாய் அடைக்கும், பிறகு பீப்பாயில் சுவரோரம் ஐஸ் கட்டும். உறைந்ததை உருக்கிக் குடித்தால் சப்பென்று இருக்கும். உறையாமல் மிச்சமிருக்கிற பாகத்தில் மட்டும் சரக்கு ஏறிப்போய் நெஞ்சைக் கரிக்கும்.

நவம்பரில் முதல் பனி விழுந்தபோது கார் ஷெட்டில் ஒருமுறை உறைந்தது. அதில் மர்மம் இல்லை. பிரிட்ஜுக்குக் குளிர வைக்கத்தான் தெரியும், சூடு பண்ணத் தெரியாது. சுற்றிலும் குளிர்ந்தால் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே சின்ன பல்பு ஒன்று எரிய விட்டால் போதும். நான் அதோடு நிற்காமல் பெட்டியையே கீழ்த்தளத்துக்கு இறக்கினேன். அங்கே எப்போதும் கதகதப்பு. முனிரத்தினத்தின் அறைக் கதவுக்கும் துணி துவைக்கிற மெஷினுக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவனும் பிடித்துத்தான் படியில் இறக்கினோம். இறக்கியதும் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கதகதப்பான அறையில் இருக்கிற பிரிட்ஜில், குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகு இரண்டில் இருக்கும்போது, பீர் உறையக் கூடாது. அது நியாயம். ஆனால் வந்து இறங்கிய நாளன்று உறைந்தது. உருக்கினேன். பீப்பாய் பின்பக்கத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஐஸ் பிடிக்கும். நடுவில் மரக்கட்டை கொடுத்து முன்னால் தள்ளினேன். அடுத்த வாரம் மறுபடியும் உறைந்தது. குளிரைப் பார்க்கிற சென்சார் மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் அது பீரின் குளிரைச் சொல்லாது, காற்றின் குளிரைச் சொல்லும். அதை இழுத்துப் பீப்பாயின் இடுப்பில் வைத்து டேப் ஒட்டினேன். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தர்மாமீட்டர் போட்டேன். மேலும் கீழும் ஒரே குளிர் இருக்கட்டும் என்று குட்டி ஃபேன் மாட்டினேன். காலை வேலைக்குக் கிளம்பும்போது போய்ப் பார்த்தால் திருகு நான் வைத்தபடி இரண்டில் இருக்கிறது, டம்ளர் தண்ணீரில் ஐஸ் மிதக்கிறது.

என் வேலையில் ஒரு பாடம் உண்டு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மெஷின் மேல் தப்பில்லை, வெளிக் குளிர் மேல் தப்பில்லை என்றால், மனுஷன்தான்.

5

முதலில் சீனிவாசுலுவைச் சந்தேகப்பட்டேன், அந்த பிரிட்ஜ் அவர் தெரிந்த ஆளிடம் வாங்கிக் கொடுத்தது என்பதால். ஆனால் அவர் சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார். அடுத்து ஹரிணி. இந்த ஊரில் அவள் வயசுப் பிள்ளைகள் செய்கிற காரியங்களைப் பற்றி வேலையிடத்தில் கேள்விப்படுகிறேன். என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், அதுவும் தோளை உயர்த்திவிட்டு. துணி துவைக்கப் போகிறேன் என்று கீழே போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வருகிறாள்.

ஒருநாள் மேலே ஏறி வந்தவளிடம் சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி கிட்டே போய் மூச்சை இழுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, உங்களுக்கு எல்லாருமே சஸ்பெக்ட்தான் இல்ல?" என்றாள். கோபம்கூட இல்லை. அலுப்பாகச் சொன்னாள். போனை மேலேயே வைத்துவிட்டுக் கீழே போனால் தோழிகள் தொந்தரவில்லாமல் மாமாவோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்றாளாம் சுகுணாவிடம். என்னோடு பேசாதவள் முனிரத்தினத்தோடு என்ன பேசுகிறாள் என்று எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. அது கிடக்கட்டும்.

மிச்சம் அவன்தான். விடியற்காலையில் லாரி எடுக்கப் போகிறவன், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறான். சுகுணா முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் போயிருப்பாள், நானும் வந்திருக்க மாட்டேன், ஹரிணி நூலகத்தில் இருப்பாள். வீட்டில் அவனும் பெட்டியும்தான். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. குடித்துவிட்டு அப்படியே விட்டால் பீர் குறைந்தது தெரியும். உறையவைத்துவிட்டால் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று எவனுக்குத் தெரியும்? லாரியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு மாடு குறுக்கே வந்தது என்று சொன்னவன்தானே இவன்.

பீர் போனால் போகட்டும். சுகுணாவிடம் சொன்னால் அவள் அன்றைக்கே டிக்கெட் போடுவாள், தம்பியை அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு இவன் லாரியை இந்த ஊர்ப் பனியில் இறக்கினால், அந்தப் பழியில் எனக்கும் பங்கு. ஒரு சாயங்காலம் அவன் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, 'காணிப்பாக்கத்துக்கு வர்றியாடா' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குழம்பை ஊற்றிக் கீழே இறக்கினேன். சாட்சி இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

6

அப்போதுதான் நைனாவின் சாம்பல் ஞாபகம் வந்தது.

கேமரா வைக்கலாமே என்பீர்கள். வைத்தால் ஹரிணி கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள். சாம்பல் போதும். ஆனால் இந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? அடுப்பு கரண்ட், குளிர்காய்கிற இடத்தில்கூட காஸ். சாமி அலமாரியில் முனிரத்தினம் கொண்டுவந்த காணிப்பாக்கத்துத் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அதுவும் ஒரு நியாயம்தான் என்று தோன்றியது. யார் முன்னால் சத்தியம் செய்தானோ அவரே வந்து காவல் இருக்கட்டும்.

வேலைக்குப் போவதற்கு முன்னால் கீழே இறங்கினேன். அவன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். விரலை ஈரமாக்கித் திருநீற்றைக் குழைத்து, குழாயின் கைப்பிடியில் ஒரு கோடு. உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகில் ஒரு கோடு. காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று நின்றது. தொட்டால் கலையும்.

அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். அவனுடைய பூட்ஸ் வாசலில் இருந்தது, சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. கீழே போய்ப் பார்த்தேன்.

குழாய்க் கைப்பிடியில் கோடு அப்படியே இருந்தது. ஒரு துகள்கூட உதிரவில்லை. கதவைத் திறந்தேன். திருகில் இருந்த கோடு சுத்தமாக அழிந்திருந்தது. திருகு ஏழில் நின்றது. ஏழுக்கு மேல் அதில் எண் கிடையாது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பீரைத் தொடாமல் குளிரை மட்டும் தொடுகிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவேளை பாட்டிலை அண்ணாந்து குடிக்கிற மாதிரி குழாயின் வாயில் வாயை வைத்து... கைப்பிடியை இழுக்காமல் அதுவும் முடியாது. பீப்பாயைக் கழற்றினானா என்று பார்த்தேன். பீப்பாயில் குழாய் சேருகிற மூட்டில் நான் சுற்றியிருந்த டேப் அப்படியே இருந்தது.

மேலே வந்தேன். முனிரத்தினம் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். திரும்பினான். நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு.

அவன் சாதாரணமாகத் திருநீறு இடுகிற ஆளில்லை. நான் அந்த நெற்றியையே பார்த்தேன். அவன் கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா பெட்டிக்குத் திருநீறு வெச்சிருந்துச்சி மாமா, அதான் கையில பட்டத எடுத்து இட்டுக்கினேன்" என்றான்.

ஆயுத பூஜைக்கு லாரிக்கு வைக்கிற மாதிரி அக்கா பீர்ப் பெட்டிக்கும் வைத்துவிட்டாள் என்று நம்பியிருக்கிறான். வேவு பார்க்க வைத்த சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு எனக்கு டீ ஆற்றுகிறான். சொன்ன பிறகுதான், கை எங்கே பட்டது என்பதைத் தானே சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

7

நான் கத்தவில்லை. கத்துவதற்கு என்னிடம் விஷயம் இல்லை. எதுக்குடா அந்தத் திருகைத் தொடுகிறாய் என்று மட்டும் கேட்டேன். டீயில் ஆடை கட்டியது.

"குடிக்கறவன் கொழாயத் தொடுவான் மாமா. நான் அத்தத் தொடல."

"அது தெரியும். பார்த்துட்டேன்."

"வேல முட்ச்சி வந்தா வீட்ல ஒருத்தரும் கெடயாது. கதவச் சாத்திக்கினு படுத்தாலும் அந்தப் பெட்டி உர்ருனு ஓடிக்கினே கீது. இங்கதான் கீறேன், இங்கதான் கீறேன்னு சொல்றாப்புல. ஏழுல வெச்சுட்டா கொஞ்ச நேரத்துல கொழாய் அடச்சிக்கும். இழுத்தாலும் ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சா இழுக்கத் தோணாது. அப்புறம் தூங்கிடுவேன். காலீல போறப்ப ரெண்டுக்குத் திருப்பி வெச்சுட்டுப் போவேன், நீங்க பாக்காம."

சத்தியம் பண்ணினவனுக்கு எதுக்குப் பயம் என்று நான் சொன்னது எனக்கே திரும்பிக் கேட்டது. பயப்படுகிறவன்தான் சத்தியத்தைக் காப்பாற்றுகிறான் போலிருக்கிறது. அவன் தினமும் சாயங்காலம் தனியாக அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் மரக்கட்டை கொடுத்தும் ஃபேன் மாட்டியும் சென்சாரை இழுத்து ஒட்டியும் பெட்டியின் பக்கம் நின்று அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். அவன் தோளில் கை வைத்து, நாளைக்கே இந்தச் சனியனைத் தூக்கி எறிந்துவிடுகிறேன் என்றேன்.

அதுதான் வேண்டாம் என்றான். பெட்டி போனால் ஏன் போனது என்று அக்கா கேட்கும், அக்காவிடம் மாமாவால் பொய் சொல்லி நிற்க முடியாது, அக்கா அமுதாவிடம் சொல்லும், அவன் இன்னும் தத்தளித்துக்கொண்டிருக்கிறான் என்று அமுதாவுக்குத் தெரிந்துவிடும் என்றான். இப்போதுதான் அவள் வீடியோவில் குழந்தையைக் காட்ட ஆரம்பித்திருக்கிறாள். சரி, பீரையாவது கொட்டிவிடலாம் என்றேன்.

"காலின்னு தெரிஞ்சா சீனு அண்ணன் அடுத்த சனிக்கெழமயே ரொப்பிடுவாரு மாமா. ஐஸ் கட்டிப் போனது போனதாவே இருக்கட்டும். ரிப்பேர்னு இருக்கட்டும்."

லாரி ஓட்டுகிறவனின் கணக்கு அது. காலியான வண்டிக்கு உடனே லோடு வரும், ரிப்பேரில் நிற்கிற வண்டியை யாரும் கேட்க மாட்டார்கள். நான் சரி என்றேன். சிலிண்டரை மூடிப் பீப்பாயில் இருந்த அழுத்தத்தை இறக்கிவிட்டேன், உறைந்து வீங்கினால் வெடிக்கக் கூடாது. ஃபேனைக் கழற்றினேன். சென்சாரை உருவி வெளியே கதகதப்பில் தொங்கவிட்டேன். அறைச் சூட்டையே பீரின் சூடு என்று நம்பிக்கொண்டு பெட்டி நிற்காமல் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். உறையாமல் தடுக்கத் தெரிந்தவனுக்கு உறையவைக்கத் தெரியாதா? திருகை ஏழில் வைத்தேன். இனிமேல் அவன் அதைத் தொட வேண்டியதில்லை.

8

மறு சனிக்கிழமை சீனிவாசுலு வந்தார். கைப்பிடியை அவரே இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், பிரிட்ஜைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். பீப்பாயை நடுவில் வை என்றார். சென்சாரைப் பீப்பாயில் ஒட்டு என்றார். டம்ளர் தண்ணீரில் தர்மாமீட்டர் போடு என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அவரே கதவைத் திறந்து பார்க்கிறேன் என்று குனிந்தபோது குறுக்கே கையை வைத்துத் தடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அவரும் எங்கள் ஜில்லாதானே.

மேலே வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு ஆரம்பித்தார். பிரீசர் மெக்கானிக்குக்கு இந்தச் சின்ன ரிப்பேர் வராதாம், பார்க்க வந்தவனைக் கதவைத் திறக்கவும் விடமாட்டானாம், எல்லாம் அனுமானமாக இருக்கிறதாம். வாரம் முழுக்க நானே ஒளிந்துகொண்டு குடித்துவிட்டு, சனிக்கிழமை அவருக்கு மட்டும் ஐஸைக் காட்டுகிறேனாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு விரலை நீட்டினார்.

"இல்லேன்னா காணிப்பாக்கத்து சாமி மேல பிரமாணம் பண்ணு பாக்கலாம்."

விளையாட்டுக்குத்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கை நின்றுவிடும். சுகுணா கரண்டியோடு நின்றாள். ஹரிணிகூட போனிலிருந்து தலையைத் தூக்கினாள். குடிக்கவில்லை என்று நான் தாராளமாகச் சத்தியம் செய்யலாம். ஆனால் சீனிவாசுலு அதோடு விட மாட்டார். அப்படியென்றால் யார் என்பார். அதற்குச் சத்தியமான பதிலைச் சொன்னால் முனிரத்தினம் மாட்டிக்கொள்வான்.

எதிரில் முனிரத்தினம் கையைத் தட்டிலிருந்து எடுத்தான். நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சத்தியமெல்லாம் வேணாம்யா" என்றேன் அவனுக்கு முன்னால். "பெட்டியைக் கெடுத்தது நான்தான்."

சீனிவாசுலு மேசையைத் தட்டிச் சிரித்தார். பார்த்தாயா, ஒப்புக்கொண்டான் என்று அவர் மனைவியிடம் சொன்னார். சுகுணா சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். முனிரத்தினம் எழுந்து, நான் கேட்காமலேயே இரண்டு வடையை எடுத்து என் தட்டில் வைத்தான்.

"துன்னுங்க மாமா. ஆறிப்பூடும்."

துன்னேன்.

அன்றிலிருந்து, நான் வேலை முடிந்து வந்து ஜாக்கெட்டைக் கழற்றும்போது சுகுணா ஏதோ எடுக்க வருகிற மாதிரி பக்கத்தில் வந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். நேற்று ஹரிணியும் இழுத்தாள். கீழே முனிரத்தினம் தன் குழந்தையோடு வீடியோவில் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இழுக்கட்டும்.